ஏஎன்ஏ ரிப்போர்ட்: ‘ஸ்பெக்கில்டு’ என்றால் எந்த ஸ்பெக்கில்டு?

கும்பகோணம் லேபில் ‘ஹோமோஜீனியஸ் 1:100’. பத்து நாள் கழித்து திருச்சியில் ‘ஏசி-2, 1:320’. நோய் ஏறிவிட்டதா? (மன்னார்குடி வாசகி)

ஏஎன்ஏ என்பது நம் செல்லின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 1:320 போன்ற எண் டைட்டர்: சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) எத்தனை மடங்கு நீர்த்தும் ஒளிர்வு தெரிந்தது என்பது. ‘ஹோமோஜீனியஸ்’ (சீரானது), ‘ஸ்பெக்கில்டு’ (புள்ளி புள்ளியானது) என்பவை ஒளிரும் விதம், அதாவது பேட்டர்ன்; ஏசி எண் அதற்கான சர்வதேசக் குறியீடு. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சில லேப்கள் சீரத்தை 1:80, 1:160, 1:320 என்று நீர்க்கும். சில 1:100, 1:320, 1:1000 என்று போகும். ஒரு படி ஏறி இறங்குவது இந்தச் சோதனையில் சகஜம்.

பேட்டர்ன் மாறியதுதான் கவனிக்க வேண்டியது. சோதனை ஸ்லைடில் இருக்கும் ஹெப்-2 செல்லின் கரு, ஏசி-1-ல் நாற்றங்கால் போல ஒரே சீரான பச்சை. ஏசி-2-ல் ரவை தூவியதுபோல நெருக்கமான பொடிப்புள்ளி. இரண்டிலுமே பிரியும் செல்லின் நடுவே குரோமோசோம் பட்டை ஒளிரும். அந்தப் பட்டை ஒளிர்வதை மட்டும் பார்த்து ‘ஹோமோஜீனியஸ்’ என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பட்டையும் பொடியாகத் தெரிந்தால் ஏசி-2.

வித்தியாசம் பெரியது. ஏசி-1 என்றால் டிஎஸ்-டிஎன்ஏ, ஹிஸ்டோன் (கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ, அது சுற்றியிருக்கும் புரதம்) ஆன்டிபாடிகள் பக்கம், அதாவது லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) பக்கம் தேட வேண்டும். ஏசி-2 ஆரோக்கியமானவர்களிடமும் நிறையவே வரும். ஏசி-2-ஐப் பெரும்பாலும் தரும் டிஎஃப்எஸ்-70 ஆன்டிபாடிக்குத் தனிச்சோதனை செய்து, அது மட்டும் பாசிட்டிவ், வேறு ஆன்டிபாடி இல்லை, அறிகுறியும் இல்லை என்றால் லூபஸ் வகை நோய்க்கான வாய்ப்பு குறைவு.

‘ஸ்பெக்கில்டு பாசிட்டிவ் ++’ என்று எழுதினால் போதாதா? (லேப் டெக்னீஷியன், மயிலாடுதுறை)

போதாது. ++ என்பது உங்கள் மைக்ரோஸ்கோப் விளக்கின் வயதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஐகேப் என்ற சர்வதேசக் குழு 2014 சாவ் பாவ்லோ கூட்டத்தில் தொடங்கி ஏசி எண்களை வகுத்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். முறை, செல் வகை, தொடக்க நீர்ப்பு, டைட்டர், பேட்டர்ன் பெயர், ஏசி எண் எல்லாம் வேண்டும். இரண்டு பேட்டர்ன் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி டைட்டர். பொடிப்புள்ளி ஏசி-4 (ரோ, லா ஆன்டிபாடிகள்), தடித்த புள்ளி ஏசி-5 (எஸ்எம், ஆர்என்பி ஆன்டிபாடிகள்); இரண்டிலும் பிரியும் செல்லின் பட்டை இருட்டாக இருக்கும். பிரித்துச் சொல்லக் கை வராவிட்டால் ‘ஏசி-4/5’ என்றே எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். சென்ட்ரோமியர் (ஏசி-3) மட்டும் யாருக்கும் தப்பாது: புள்ளிக்கோலம் போட வைத்த மாதிரி கருவுக்குள் 40 முதல் 80 தனிப்புள்ளிகள்.

கரு இருட்டு, சைட்டோபிளாசம் (கருவைச் சுற்றியுள்ள பகுதி) ஒளிர்கிறது என்றால் வெறும் ‘நெகட்டிவ்’ என்று அனுப்பாதீர்கள். ஏசி-21 பித்தநாள நோயின் தடயம். ஏசி-20 ஜோ-1 ஆன்டிபாடியாக, அதாவது தசைநோயாக இருக்கலாம். அப்புறம், எந்தக் கட்டத்திலும் ஸ்லைடு காயக் கூடாது. காய்ந்த ஓரத்துச் செல்லை வைத்துப் பேட்டர்ன் சொல்லாதீர்கள்.

அப்பாவுக்குக் காசநோய் மாத்திரை ஓடுகிறது. ஏஎன்ஏ 1:80. லூபஸா? (திருவாரூர்)

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றில் 13 பேர் அளவுக்கு 1:80 வரும். 2019 லூபஸ் வகைப்பாட்டில் 1:80 வாசற்படி மட்டுமே. உள்ளே போக அறிகுறிகள் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும் ஏஎன்ஏவைக் கிளப்பும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புதிதாக மூட்டுவலி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஎன்ஏ எடுக்கச் சொல்கிறார்களே?

வீண் செலவு. லூபஸ் உறுதியானவர்களுக்குப் பின்தொடர டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி, சி3, சி4 (ரத்தத்தின் காம்ப்ளிமென்ட் புரதங்கள்), சிறுநீர்ப் புரதம்.

வெறும் வயிறு வேண்டுமா? ரத்தம் பஸ்ஸில் போகிறது. (வேதாரண்யம்)

வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் முழு ரத்தமாக அனுப்பாதீர்கள். ரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்து, சீரத்தை மட்டும் 2–8 டிகிரியில் அனுப்புங்கள். பிரிக்க வழியில்லையென்றால், உறைந்த ஐஸ் பேக் டியூபைத் தொடாதபடி நடுவே துணி சுற்றுங்கள். தொட்டால் செல் உடைந்து சீரம் சிவந்துவிடும், மறுபடி ஊசி குத்த வேண்டிவரும்.