பளபளக்கும் பித்தளை வாங்காதீர்கள்

அமெரிக்காவில் லீவர் ஆக்‌ஷன் ரைபிள் (அடியிலுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்து மான் வேட்டைக்குப் போகிற வாசகர்களின் கடிதங்கள் இந்த முறை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது அங்கே பரவலாக நடக்கிற வேலை. ஏமாறுவதற்கும் அதில் இடம் நிறைய இருக்கிறது.

கூடுகளை அளக்க 20 டாலர் டிஜிட்டல் காலிப்பர் (தாடை வைத்த அளவுகோல்) போதுமா? என்னிடம் இருப்பது மார்லின் 336 ரைபிள், .30-30 வகைத் தோட்டா.
– டெக்சஸ் வாசகர்

போதும். வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். தாடைகளை எத்தனை முறை திறந்து மூடினாலும் பூஜ்யத்துக்கே திரும்ப வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு .308 குண்டை (கூட்டின் வாயில் பொருத்துகிற, சுடும்போது பறக்கும் முனை) எடுத்து அளந்தால் 0.308 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் விலகினால் திருப்பி அனுப்புங்கள். மலிவான டிஜிட்டல் கருவிகள் பல, அணைத்த பிறகும் பேட்டரியைத் தின்னும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் டயல் காலிப்பர் வாங்குங்கள். மிட்டுடோயோ என்ற பிரபல அளவுக்கருவி நிறுவனத்தின் பெயரில் போலிகள் இணையத்தில் ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் தொடாதீர்கள்.

சுட்ட கூடுகளை அளந்தேன், 2.039 அங்குலத்துக்குள் இருந்தன. நிரப்பிய பிறகு பல தோட்டாக்களின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) வீங்கி, ரைபிளுக்குள் ஏற மறுக்கின்றன. டை (கூட்டை அழுத்திப் பழைய உருவுக்குக் கொண்டுவரும் அச்சு) பழுது என்று சொன்னால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.
– ஒஹாயோ வாசகர்

கடைக்காரர் பக்கம்தான் நியாயம். டையோடு வந்த தாளைப் படித்தீர்களா? சைஸிங் டைக்குள் அழுத்தும்போது பித்தளை கழுத்துப் பக்கமாக நகர்ந்து கூடு நீளும். அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். .30-30 கூட்டின் உச்ச நீளம் 2.039, வெட்டுவது 2.029க்கு. நீளம் கூடிய கூட்டை கிரிம்ப் செய்தால் (வாயை உள்நோக்கி மடக்கி குண்டைப் பிடிக்க வைத்தால்), அமுங்க இடமில்லாமல் தோள் பிதுங்கும். தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும் குழாய் மேகசினில் ஸ்பிரிங்கும் உதையும் குண்டை உள்ளே தள்ளப் பார்க்கும் என்பதால் கிரிம்ப்பைத் தவிர்க்கவும் முடியாது. எனவே எல்லாக் கூடுகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். வீங்கிய தோட்டாக்களை லீவரால் அழுத்தி ஏற்றாதீர்கள். பிரித்துவிடுங்கள்.

துப்பாக்கிச் சந்தையில் ‘ஒரே ஒருமுறை சுட்டது’ என்று .30-30 கூடுகள் ஒரு பை வாங்கினேன். தங்கம் போல மின்னின. இரண்டாவது முறை நிரப்பிச் சுட்டபோது சில கூடுகள் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே விரிசல் விட்டன. விற்றவர் கைவிரிக்கிறார்.
– பென்சில்வேனியா வாசகர்

உங்கள் மேல் தப்பில்லை. இப்படி ஒரு பையை நானும் வாங்கியிருக்கிறேன். பாதிக்கு மேல் கழுத்து வெடித்தவை. அந்த விற்பனையாளர்கள் மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

மெருகு எதை மறைக்கிறது என்று பாருங்கள். .30-30 விளிம்புள்ள கூடு. ரைபிளுக்குள் அதைப் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான். தோளுக்கு முன்னால் இடம் தாராளமாக இருந்தால், சுடும்போது தோள் முன்னே போகும், சைஸிங் டை அதைப் பின்னே தள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பாகத்துக்கு மேலுள்ள சுவர் இழுபட்டு மெலியும். மெலிந்த இடத்தில் வெளியே ஒரு வெளிர் வளையம் தெரியும். டம்ளர் என்ற மெருகேற்றும் இயந்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் வளையமும் மங்கும், கழுத்துக் கரியும் போய்விடும். எத்தனை முறை சுட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மெருகுக்குத்தான் கூடுதல் விலை கேட்கிறார்கள்!

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழுங்கள். ஓரிடத்தில் நுனி பள்ளத்தில் சிக்கினால் அந்தக் கூடு முடிந்தது. குறட்டால் நசுக்கிப் போடுங்கள். அந்தப் பையில் மிச்சமுள்ளவற்றை மொத்தமாகவே கழித்துவிடுவது நல்லது. கார்டில் பணம் கொடுத்திருந்தால் கார்டு நிறுவனத்திடம் உடனே முறையிடுங்கள்.

இனி பழைய கூடு வாங்கினால் அழுக்கோடு, சுட்ட பிரைமர் (அடியில் பதித்த, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ளேயே இருக்கிற கூடுகளாகக் கேளுங்கள். அடியில் பொறித்த எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள்; .32 வின்செஸ்டர் ஸ்பெஷல் கூடு பார்வைக்கு .30-30 போலவே இருக்கும். புதுத் தோட்டா வாங்கிச் சுட்டு, அந்தக் கூடுகளையே சேர்த்து வைப்பது இன்னும் மேல். அவற்றின் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

.45-70 வகைக் கூடுகளில் பாதி 2.10 அங்குலம், பாதி 2.04. வெட்டிக் கெடுத்து விற்றுவிட்டார்களா?
– மொன்டானா வாசகர்

இல்லை. ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் வகைத் தோட்டாவின் கூடுகள் நீளம் குறைவாகவே வரும். தனியாகப் பிரித்து வையுங்கள். டையையும் தனியாக அமைக்க வேண்டும்.

தெரிந்தவர் வீட்டில் நிரப்பிய தோட்டாக்களை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?
– ஜார்ஜியா வாசகர்

கூடாது. விற்பதற்காகத் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அவரிடம் இருக்கிறதா?

திறந்த வெடிமருந்து டப்பா, பாதி விலை?
– அதே வாசகர்

அதுவும் கூடாது. உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதான் என்று யார் உத்தரவாதம் தருவார்?

முதல் மானை வீழ்த்திய காலிக் கூட்டை, ஊரில் அப்பாவிடம் காட்ட எடுத்துப் போகலாமா?
– விஸ்கான்சின் வாசகர்

வேண்டாம். பையில் தோட்டா இருந்ததற்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கில் சிக்கியவர்கள் பலர். காலிக் கூடு என்று எக்ஸ்ரேக்கு முன்னால் நின்று விளக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்புங்கள்.