நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் மெடிக்கல் ஷாப்பில் எதை வாங்குவது?

கேள்வி: எனக்கு 36 வயது. மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை. இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை யூரின் இன்ஃபெக்ஷன் வந்து, மூன்று தடவையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இனி வராமலிருக்க மெடிக்கல் ஷாப்பில் கிரான்பெர்ரியும் டி-மானோஸும் கலந்த பவுடர் தருகிறார்கள். வாங்கலாமா? 58 வயதாகும் அம்மாவுக்கும் இதே தொல்லை, அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: பவுடர் இருக்கட்டும், முதலில் ஒன்று கேட்கிறேன். காலையில் கடைக்குள் போனால் அப்புறம் எத்தனை மணிக்கு பாத்ரூம் போகிறீர்கள்? நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பல பெண்கள், ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மாடியேற வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள், கொண்டுபோன பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் நாலு சென்டிமீட்டர்தான். குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமிக்கு அது ஒரு தூரமே இல்லை. அடிக்கடி சிறுநீர் போனால் அது ஒட்டிப் பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், உங்களைப் போல அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு வந்தது சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. அரை லிட்டர் பாட்டில் மூன்று, அவ்வளவுதான். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

கிரான்பெர்ரி என்ற புளிப்புச் சிவப்புப் பழத்தில் விஷயம் இருக்கிறது. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தது. அட்டையில் பிஏசி (கிரான்பெர்ரியில் வேலை செய்யும் சத்து) 36 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சர்க்கரை கலந்த ஜூஸ் வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். டி-மானோஸ் என்பது ஒருவகைச் சர்க்கரை, அதை நானும் நம்பியிருந்தேன். ஆனால் 2024இல் பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் கொடுத்துப் பார்த்ததில், வெறும் சர்க்கரைப் பொடி மாதிரியான போலி மருந்துக்கும் அதற்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. அதனால் இரண்டும் கலந்த விலை கூடின பாக்கெட் தேவையில்லை, கிரான்பெர்ரி மட்டும் போதும்.

எரிச்சலுக்குத் தரும் இனிப்பு சிரப் வருமுன் காக்கிற மருந்து அல்ல. அந்தரங்க இடத்துக்கென்று விற்கும் வாஷும் வேண்டாம், அங்கே காவல் இருக்கும் நல்ல கிருமிகளையும் அது கெடுத்துவிடும்.

அம்மா விஷயம் வேறு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து அந்தரங்க இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகிறது, அதுதான் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகவே உதவும், ஆனால் அதை மகப்பேறு மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும். அவருக்கு சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

சரி, மறுபடி வந்தால்? போன தடவை மிஞ்சிய நார்ஃப்ளாக்ஸசின் ஆன்டிபயாடிக் அட்டையை எடுக்காதீர்கள். முதல் மாத்திரைக்கு முன்பே லேபில் யூரின் கல்ச்சர் கொடுங்கள், எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று அதில்தான் தெரியும். குளிர் ஜுரம், விலாவில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இல்லை கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.