டீசல் கார்: மஞ்சள் லைட், இழுக்காத இன்ஜின் – கேள்வி பதில்

மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக டீசல் வண்டி பார்க்கிறேன். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் வந்தவற்றில் பாதி ஒரே கதைதான்: லைட் எரிகிறது, பிக்கப் இல்லை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, 2014 மாடல் டீசல் கார். ஐந்து பேரோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது இன்ஜின் லைட் எரிந்தது. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஏறவில்லை. ஆஃப் செய்து போட்டால் கொஞ்ச நேரம் நன்றாகப் போகிறது, மறுபடியும் அதே கதை. ஸ்கேன் செய்ததில் பி0299 என்று கோளாறு எண் வந்தது. டர்போ போய்விட்டது, 45,000 ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள் தம்பி, கையில் இருக்கும் பணத்தைக் கீழே வைக்காதீர்கள். பி0299 என்றால் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. அழுத்தம் குறைந்ததும் இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். இதுதான் லிம்ப் மோடு. சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டால் அது கணக்கைப் புதிதாகத் தொடங்கும், அதனால்தான் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகிறது.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிப் பாருங்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் புதுசு மாதிரித் தெரியும். விரலை அடிப்பக்கம் விட்டுத் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டினால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி இதே கோளாறு எண்ணோடு வந்தது. ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, சத்தமே இல்லை. ஹோஸின் அடியில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். கண்ணாடியைக் கீழே பிடித்துத்தான் கண்டுபிடித்தேன். சும்மா நிற்கும்போது அது மூடிக்கொள்ளும், லோடு ஏறி அழுத்தம் வந்தால் வாயைப் பிளக்கும். மேட்டில் மட்டும் மாட்டுவது அதனால்தான்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய், கிளிப்புகள், ஏர் ஃபில்டர். இதெல்லாம் சரி என்றால் மட்டும் டர்போவுக்குப் போங்கள். ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்பின் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, அப்போது 45,000 பற்றிப் பேசலாம்.

கேள்வி (ஒத்தக்கடை): பி.எஸ்.6 டீசல் கார் சார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மார்க்கெட் போய்வருவது, அவ்வளவுதான் ஓட்டம். டி.பி.எஃப் லைட் எரிகிறது. வண்டி இன்னும் நன்றாகத்தான் இழுக்கிறது. டி.பி.எஃப்பைக் கழற்றி எறியச் சொல்கிறார் ஒருவர்.

பதில்: 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் டி.பி.எஃப் என்கிற இந்தப் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் அணைத்தால் சைலன்சர் சூடாகவே நேரமில்லையே அம்மா.

உங்களுக்கு வாசலிலேயே மேலூர் நான்குவழிச் சாலை இருக்கிறது. டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாக, 2,000 ஆர்.பி.எம்.க்குக் குறையாமல் மேலூர் போய்த் திரும்புங்கள். பெரும்பாலும் லைட் அணைந்துவிடும். திரும்பி வந்ததும் ஃபேன் பலமாக ஓடினால், ஐடில் ஏறியிருந்தால் எரிப்பு இன்னும் முடியவில்லை. அணைக்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினாலோ, இன்ஜின் லைட்டும் கூடச் சேர்ந்தாலோ இந்த வைத்தியம் வேண்டாம், ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

ஆயில் குச்சியையும் பாருங்கள். மட்டம் கூடியிருந்தால் டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம், மாற்றியே ஆக வேண்டும். கழற்றி எறியச் சொன்னவர் வாரண்டியையும் புகைச் சோதனையையும் வந்து பார்த்துக்கொள்வாரா என்று கேளுங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர்): டீசல் போட்ட மறுநாளே வண்டி வெட்டி வெட்டிப் போகிறது, லைட்டும் எரிகிறது. இன்ஜெக்டரா?

பதில்: முதலில் டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். பத்து நிமிஷம் ஆடாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இருந்தால் டேங்கைக் காலி செய்து ஃபில்டரை மாற்றுங்கள், அதுவரை செல்ஃப் அடிக்காதீர்கள். பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு; ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் தண்ணீர் போனால் தேய்த்துவிடும். தண்ணீரே இல்லையா? அடைத்த ஃபில்டரும் இதே மாதிரி வெட்டும். இன்ஜெக்டர் கடைசி.

கேள்வி (கப்பலூர்): ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தும் வீடுவரை ஓட்டிவந்துவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் லைட்டுக்கு மெதுவாக ஓட்டலாம், இந்தச் சிவப்புக்கு ஓரம் கட்டி அணைக்க வேண்டும். ஆயில் மட்டம் பாருங்கள், இன்ஜினில் தட்டுகிற சத்தம் கேட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

கேள்வி (சோழவந்தான்): பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடுகிறது, நாலு நாளில் திரும்ப வருகிறது. வயலோரம் வீடு, எலித் தொல்லையும் உண்டு.

பதில்: டெர்மினலைக் கழற்றும்போது கோளாறு எண்ணும் அழிந்துவிடுகிறது. எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பும் போய்விடும். எனக்கு அந்தக் குறிப்புதான் வேண்டும். இனி லைட் வந்தால் அப்படியே கொண்டுவாருங்கள்.

எலி கதையைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். பானெட்டைத் திறந்து, வயர்க்கட்டு இன்ஜினுக்குப் பின்னால் வளைகிற இடத்தையும் முதல் பதிலில் சொன்ன வேக்குவம் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி கடித்த வயர் குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும், நாலு நாள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. வண்டி நிற்கும் இடத்தில் தவிட்டு மூட்டை இருந்தால் வேறெங்காவது மாற்றுங்கள். எலி தவிட்டுக்கு வருகிறது, வயரைக் கடிப்பது வந்த இடத்தில்.