லேப் ஸ்டீல் கிட்டாரும் பியானோவும் சூழலிசைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன?

பாட்டும் தாளக்கட்டும் முன்னே நிற்காமல், ஓர் இடத்தின் உணர்வையே ஒலியால் எழுப்பும் கருவியிசைதான் சூழலிசை.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும், சுருதியும் அசையாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் பிறந்த லேப் ஸ்டீலை மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் எஃகுத் துண்டை நகர்த்துவார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளியின்றி வழுக்கிப் போகலாம். நம் கோட்டுவாத்தியத்தின் முறையும் இதுதான். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் குழைவு அந்நியமாகவே இராது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் மழை நாளில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்து அண்டாவில் சொட்டும் துளிகள் பியானோ. மெல்ல ஆடும் ஊஞ்சல் லேப் ஸ்டீல். வழவழப்பான சுண்ணாம்புச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி மூன்றாவது கருவி. ஒலிப்பதிவில் அதைத்தான் செயற்கையாகச் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பியானோவின் சுரம் தேய்ந்து முடியும் இடத்தில் ஸ்டீல் சத்தமில்லாமல் நுழைவதுதான் இந்த இசையின் உயிர்.

சாதாரணக் கிட்டாரை மடியில் படுக்க வைத்தால் அதுவே லேப் ஸ்டீல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இதில் கம்பிகள் உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும், எஃகுத் துண்டு அவற்றைப் பலகையோடு அழுத்தாமல் தொட்டபடியே நகரும்.