லுத்தரன் சபை பாதி கத்தோலிக்கமா? சம்பந்தம் பேசப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் பெந்தெகொஸ்தே குடும்பம். தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். அவர்கள் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், முழங்கால்படியிட்டு அப்பம் வாங்குகிறார்கள். பாதி கத்தோலிக்கம்தானே இது? சிரிப்பே இல்லாத சபை என்றும் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் விளக்கினால் நல்லது.

முதலில் அண்ணனுக்கு வாழ்த்துகள்.

"பாதி கத்தோலிக்கம்" என்ற பேச்சு எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் வீரமாமுனிவர் காதில் இது விழுந்திருந்தால் கொதித்திருப்பார். பரமார்த்த குரு கதையால் நாம் எல்லோரும் அறிந்த அந்தக் கத்தோலிக்கக் குரு, தரங்கம்பாடி லுத்தரன்களைச் சாடுவதற்கென்றே 'லுத்தேரினத்தியல்பு' என்று தனியாக ஒரு நூல் எழுதியவர். திட்டுவதற்குக்கூட நல்ல தமிழில் ஆள் கிடைத்தது எங்கள் பாக்கியம்.

சரி, ஞானஸ்நானம். எங்களுக்குச் சாக்கிரமெந்து, அதாவது கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்கு, இரண்டுதான்: ஞானஸ்நானம், திருவிருந்து. உங்கள் சபையில் ஒருவர் தன் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகு முழுக்கு எடுக்கிறார். எங்களுக்கு அது மனிதன் செய்கிற காரியமே இல்லை, கடவுள் செய்கிற காரியம். அதனால் ஒன்றுமே செய்யத் தெரியாமல் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) கையில் வீறிட்டு அழுகிற குழந்தைதான் அதற்கு முழுத் தகுதியான ஆள். மனம் சோர்ந்தால் "நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்பது எங்கள் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தரின் வைத்தியம். ஒருமுறை கொடுத்ததைக் கடவுள் திரும்பக் கேட்பதில்லை, ஆகவே இரண்டாம் முறை கிடையாது. சம்பந்தி வீட்டுச் சண்டை இங்கேதான் கிளம்பும். "பெண் முழுக்கு எடுத்தால்தான் கல்யாணம்" என்று உங்கள் பாஸ்டர் சொல்வதாக இருந்தால், தட்டு மாற்றுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் இரண்டு பக்கமும் வேதாகமத்தைத் திறந்துவிடுவார்கள், மூடவே மாட்டார்கள்.

திருவிருந்தில் நாங்கள் கத்தோலிக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கிறோம் என்பது உண்மைதான். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் அதோடு கிறிஸ்துவின் சரீரமும் மெய்யாகவே இருக்கிறது, அது வெறும் நினைவுச் சின்னம் அல்ல. 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்கிலியோடு லுத்தர் இதற்காகத்தான் மோதினார். பேச்சுவார்த்தை தொடங்கும்போதே மேசைமேல் சுண்ணாம்புக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, "இருக்கிறது என்றால் இருக்கிறதுதான்" என்று கடைசிவரை பிடி கொடுக்கவில்லை மனிதர். மற்ற விஷயங்களில் பெரும்பாலும் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தார்கள். அந்தப் பிடிவாதம் இன்னும் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது, கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்கு வந்து பாருங்கள்.

இதே பந்தியில் எங்கள் முன்னோர் செய்த கேவலத்தையும் மறைக்கக் கூடாது. 1706-இல் டென்மார்க் ராஜா அனுப்பி சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு வருடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அங்கே டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அப்படித் தொடங்கிய சபை, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாக விலகி உட்கார்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மிஷன் சாதியை விட்டே ஆக வேண்டும் என்று கண்டிப்புக் காட்டியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் லைப்சிக் லுத்தரன் மிஷனுக்கு மாறினார்கள், ஏனென்றால் அங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை. ஒரே பாத்திரத்தில் குடிக்கச் சொன்ன கர்த்தரின் பந்தியில் இது நடந்தது. பெண் பார்க்கும் இடத்தில் "என்ன ஆட்கள்?" என்ற விசாரிப்பு இரண்டு பக்கமும் இன்றைக்கும் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சிரிப்புக்கு வருவோம். லுத்தரே விளையாட்டுக்காரர். 1529-இல் ஜெர்மனியின் சாக்சனி கிராமச் சபைகளைப் பார்த்துவிட்டு, மக்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய் 'சிறிய ஞானோபதேசம்' என்ற கேள்வி-பதில் பாடநூலை எழுதினார். படிக்க மறுக்கிறவர்களுக்குச் சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று முன்னுரையில் பெற்றோருக்கு யோசனை வேறு. திடப்படுத்தல் வகுப்பில் (முதல் திருவிருந்துக்கு முன் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பு) நாங்கள் அதைத்தான் மனப்பாடம் செய்தோம், முன்னுரையை மட்டும் நல்லவேளையாக எங்கள் அம்மாக்கள் படிக்கவில்லை. அவர் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் காய்ச்சினார், லுத்தர் அதை மெச்சிக் கடிதமும் எழுதியிருக்கிறார். சீர்திருத்தத் திருநாள் பிரசங்கத்தில் 1517-உம், அந்த வருடம் லுத்தர் வெளியிட்ட 95 கொள்கைகளும் வரும், இந்தப் பீர் மட்டும் வராது. எங்கள் மூப்பர்களுக்கு லிவர் மேல் அவ்வளவு அக்கறை.

அறுப்பின் பண்டிகைக்கு அவசியம் வாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் வாழைத்தார், பூசணி, சேவல், வீட்டில் செய்த கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுபவர் பெரும்பாலும் வருடம் முழுக்க வாயே திறக்காத யாரோ ஒரு கணக்குப்பிள்ளையாக இருப்பார், அன்றைக்கு மட்டும் மைக்கைப் பிடித்தால் விட மாட்டார். ஒரு எலுமிச்சம்பழம் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நூறைத் தாண்டும். எடுத்தவர் "கோயிலுக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுப்பார், அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வந்து இன்னும் மேலே போகும். ஒரு வீட்டுக்காரர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிக் கேட்பார். சேவல் மட்டும் நடுவில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மொத்தமும் அதன் பின்னால்.

மற்ற வேடிக்கைகள் எல்லாச் சபையிலும் உண்டு. முன் பெஞ்சு காலி, பின் பெஞ்சில் நெருக்கடி. எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. அதன் தலைவருக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்று பட்டம், இருப்பதோ திருச்சியில்.

பாட்டு உங்களுக்குத்தான் சோதனை. எங்களிடம் இரண்டு வகை. ஒன்று ஜெர்மன் மெட்டில் பாடும் ஞானப்பாட்டு. மெட்டு அங்கிருந்து வந்தது, வார்த்தை தமிழ், ஆகவே குறில் எல்லாம் நெடிலாக இழுபடும், நெடில் மூச்சு வாங்கும். கூடவே ஆர்கன் ஒரு அடி பின்னால் வரும். சிறுவயதிலிருந்து பாடியவர்களுக்கு அது கண்ணில் நீர் வரவைக்கும், புதியவர்களுக்குக் கொட்டாவி. இன்னொன்று கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை. ராகம், தாளம் எல்லாம் நம் மண்ணுடையது. கல்யாணத்தில் அவருடைய ஜெயமங்களம் பாடி முடிக்காமல் எங்கள் ஆட்கள் பந்திக்கு எழ மாட்டார்கள், பிரியாணி மணம் வந்தாலும் சரி.

திருவிருந்து உள்ள ஞாயிறு வந்தால், பங்கெடுக்கலாமா என்று முதல் நாளே ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைதட்டும் பழக்கத்தையும் விட வேண்டாம், கீர்த்தனைக்குத் தாராளமாகத் தட்டலாம். ஜெர்மன் மெட்டுக்கு மட்டும் தட்டாதீர்கள், எங்களுக்கே அதில் தாளம் எங்கே விழுகிறது என்று தெரியாது.