வாசகர் கேள்வி பதில்: கல்லூரிக் கழிவறைக் குப்பையை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

கேள்வி: மலேசியாவின் தென் கெடாவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரத்திலுள்ள கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வளாகக் கழிவறைகளிலிருந்து நாள்தோறும் மாலையில் கறுப்பு நெகிழிப் பைகள் குவியலாக வெளியே வருகின்றன. கை துடைக்கும் டிஷ்யூவை அடியோடு நிறுத்திவிட்டு எல்லா இடங்களிலும் கை உலர்த்தும் இயந்திரம் பொருத்துமாறு நிர்வாகத்திடம் எங்கள் சுற்றுச்சூழல் கழகம் மனு கொடுக்கலாமா? இயந்திரத்தின் விலையையும் விசாரித்துவிட்டோம்.

பதில்: மகளே, இயந்திரத்தின் விலையை விசாரித்து எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பைகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுதவில்லை. மனுவை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். தேர்வோ தீபாவளி விடுமுறையோ குறுக்கிடாத ஒரு வாரத்தில், கனமான கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒவ்வொரு கழிவறையின் பையையும் தனித்தனியே எடை போடுங்கள். பிறகு நீண்ட இடுக்கியால் கை துடைத்த டிஷ்யூ, அணையாடை (மாதவிடாய் நாப்கின்), உணவு மற்றும் பானப் பொட்டலங்கள், மற்றவை என நான்காகப் பிரித்து மீண்டும் எடை போடுங்கள். அணையாடைகளைப் பிரிக்க வேண்டாம். அவற்றுக்கான தொட்டியை மொத்தமாக எடை போட்டால் போதும். எல்லாவற்றுக்கும் முன்பாக, அங்கே துப்புரவு செய்யும் அக்காவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தொட்டி எப்போது நிரம்பும், எந்தக் குழாய் ஒழுகும், எந்த அறையில் எதைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பேராவில் ஒரு மாணவியர் விடுதியின் காப்பாளராக இருந்தபோது நானும் இப்படி ஒரு பையைப் பிரித்துப் பார்த்தேன். மேலே கிடந்த டிஷ்யூக்களில் பல, ஒரு மூலையில் மட்டும் நனைந்து, மற்ற மூன்று மூலைகளும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. கையைத் துடைத்தது ஒரு தாள், கூடவே வந்துவிட்டது இன்னொன்று, கதவின் கைப்பிடியைத் தொடாமல் திறப்பதற்காக எடுத்தது மூன்றாவது. கதவு வெளிப்புறமாகத் தள்ளித் திறப்பதாக இருந்திருந்தால் அந்த மூன்றாவது தாளுக்கு வேலையே இருந்திருக்காது.

ஒரு மடிப்பு டிஷ்யூவை 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 பேர் நாளைக்கு 3 முறை கை கழுவி, முறைக்கு 3 தாள் எடுத்தால் 4,500 தாள், அதாவது 9 கிலோ. ஒரு தாளோடு நிறுத்தினால் 3 கிலோ. ஒரு தாள் போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ ஸ்மித் என்ற வழக்கறிஞர் 2012-இல் மேடையிலேயே செய்து காட்டினார்: கழுவிய கையைத் தொட்டிக்குள் 12 முறை உதறிவிட்டு, ஒரே தாளை மடித்துத் துடைத்தால் போதும். உதறும்போதே பெரும்பாலான நீர் விழுந்துவிடுகிறது. மடிப்புகளுக்கு இடையே மிச்ச ஈரம் தங்குகிறது. விடுதியில் இதைச் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கை காய்கிறது.

இயந்திரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2,000 வாட் வெப்பக்காற்று இயந்திரம் ஒருவருக்கு 30 விநாடி ஓடினால், ஒரு யூனிட் மின்சாரத்தில் 60 பேர் கையை உலர்த்தலாம். வெப்பத்தை நம்பாமல் வேகக்காற்றால் நீரைத் தள்ளும் புதுவகை இயந்திரம் இதைவிடக் குறைவாகவே இழுக்கும். கூட்டம் மொய்க்கும் கேண்டீன் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பொருத்தக் கேளுங்கள். ஆனால் முகம் கழுவியவருக்கும், இருக்கையைத் துடைக்க வேண்டியவருக்கும் அது உதவாது. டிஷ்யூவை முழுவதுமாக நிறுத்தினால் அவர்கள் கழிவறை உருளையை முழம் முழமாக உருவுவார்கள். என் தாயார் பால்மரம் வெட்டிய காலத்தில் இடுப்பில் எப்போதும் ஒரு துண்டுத் துணி செருகியிருப்பார். கை, முகம், கத்தி எல்லாவற்றுக்கும் அதுதான். உங்கள் கழகம் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்துத் தொடங்கினாலும் நான் மகிழ்வேன்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டுக் கழிவறைகளில் ரப்பர் குழாயால் கழுவுவதால் இருக்கை நனைந்துவிடுகிறது. அடுத்து வருபவர் கை துடைக்கும் டிஷ்யூவால் அதைத் துடைத்து உள்ளேயே போட்டுவிடுகிறார். ஈரத்திலும் கிழியாதிருக்க அந்தத் தாளில் ஒரு பிசின் சேர்க்கப்படுகிறது. ஆகவே கழிவறை உருளைத் தாளைப் போல அது நீரில் கரைவதில்லை. குழாயில் போய் அடைத்துக்கொள்கிறது. ரப்பர் குழாயை மாட்ட உறுதியான கொக்கியும் ஒவ்வோர் அறையிலும் ஓர் உருளையும் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: (அதே மாணவி) பெண்கள் கழிவறைத் தொட்டிகள்தாம் மிகக் கனமாக இருக்கின்றன. அணையாடையைப் பற்றிக் கூட்டத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் பேச வேண்டியது இதைத்தான். பயன்படுத்திய அணையாடையைக் கழுவிய பிறகே எறிய வேண்டும் என்பது இந்நாட்டில் மலாய்க் குடும்பங்களிலும் நம் வீடுகள் பலவற்றிலும் உள்ள வழக்கம். தூய்மையை எண்ணித் தாய் மகளுக்குச் சொல்லித் தந்தது. அதை இழிவாகப் பேசாதீர்கள். ஆனால் அந்த வழக்கம் துணியைப் பயன்படுத்திய காலத்துக்குரியது. இன்றைய அணையாடைக்குள் இருக்கும் பொடி, நீரைக் கண்டதும் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சிக் கூழாக உப்புகிறது. இரத்தத்தை உறிஞ்சுவதைவிடக் குழாய் நீரை அது அதிகமாக உறிஞ்சும். உள்ளங்கையில் கனமே தெரியாமல் இருந்தது, கழுவியதும் நனைந்த மாவு உருண்டையைப் போலக் கனக்கிறது. பிழியும்போது மேலுறை கிழிந்தால் கூழ் வழிந்து வடிகாலுக்குள் இறங்குகிறது. எங்கள் விடுதியில் ஒருமுறை தரைவடிகால் அடைத்து நீர் தாழ்வாரம் வரை வந்தது. குழாய் வேலைக்காரர் கம்பியை விட்டு இழுத்தபோது வெளியே வந்தது வாளி நிறைய இந்தக் கூழும் டிஷ்யூவும்தான். தலைகுனிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனெனில் யாரும் அவர்களுக்கு இதைச் சொன்னதில்லை.

நனைக்காமல் சுருட்டி, புதிய அணையாடையின் உறையிலேயே பொதிந்து, மூடியுள்ள தொட்டியில் போட்டால் எடையும் நாற்றமும் குறையும். கழுவியே ஆக வேண்டும் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்; காரணத்தை மட்டும் சொல்லுங்கள். எரிப்பது கூடாது, அதில் நெகிழி இருக்கிறது. கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அணையாடை மறுசுழற்சிப் பொருள்களோடு சேராது, எஞ்சிய குப்பையோடுதான் போகும்.

குறைக்க வழி துணி அணையாடையும் மாதவிடாய்க் கிண்ணமும். நாளைக்கு 4, மாதம் 5 நாள் என்றால் ஒரு மாணவிக்கு ஆண்டுக்கு 240 அணையாடை. நல்ல சிலிக்கோன் கிண்ணம் முறையாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தினால் 10 ஆண்டு வரை உழைக்கும். கிண்ணம் அவரவர் விருப்பம். துணியைப் பொறுத்தவரை, உங்கள் விடுதியில் கொடி எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறர் கண்ணில் படக்கூடாதென்று கட்டிலுக்கடியில் ஈரத்தோடு உலர்த்தினால் பூஞ்சைதான் பிடிக்கும். வெயில் விழும், ஆனால் மறைப்புள்ள ஒரு கொல்லைப்புறம் வேண்டுமென்று மனுவின் முதல் வரியாக எழுதுங்கள். இயந்திரத்தைவிட அது மலிவு.

கேள்வி: என் தாயார் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை செய்கிறார். பாதி தீர்ந்த டிஷ்யூ உருளையையும், இரண்டு காகிதம் மட்டும் கிடக்கும் பையையும் நாள்தோறும் மாற்றி எறியச் சொல்கிறார்களாம். இது சரியா?

பதில்: சரியில்லை, தம்பி. இடையில் தீர்ந்துபோனால் புகார் வரும் என்ற பயத்தில் செய்வது அது. இரட்டை உருளைத் தாங்கி பொருத்தினால் ஒன்று முழுதும் தீர்ந்த பிறகே மற்றது இறங்கும். கழிவறைக்குள் நான்கு தொட்டி வைப்பதற்குப் பதில் வாசலருகே ஒன்று வைத்தால், தினம் மாற்ற வேண்டிய பையும் ஒன்றாகும். ஆனால் பெண்கள் அறைகளுக்குள் இருக்கும் மூடித் தொட்டிகளை எடுக்கக்கூடாது. தாயார் இதைத் தனியாகக் கேட்டால் எடுபடாமல் போகலாம். மாணவர் கழகத்தின் மனுவில் அவர் சொல்லும் வார்த்தையிலேயே இடம்பெறச் செய்யுங்கள்.

கேள்வி: (முதல் மாணவி) பிரித்தெடுத்த கை டிஷ்யூவை உரமாக்க முடியுமா?

பதில்: முடியும். ஆலையில் பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்பி மக்கவிடுவதை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். தாளும் அதுபோல நாரே. வெறும் தாள் மட்டும் குவிந்தால் மெதுவாகத்தான் மக்கும், ஆகவே கேண்டீனின் காய்கறிக் கழிவோடு அடுக்கடுக்காகப் போட்டு, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். கிருமிநாசினியால் தரை துடைத்த தாளும், மூக்குச் சிந்திய தாளும், கழிவறை அறைக்குள்ளிருந்து வந்த எதுவும் அதில் சேரக்கூடாது. கை கழுவும் தொட்டிக்கு அருகில் மட்டும் தனித்தொட்டி வைத்து, முதல் மாதம் ஒரே ஒரு கட்டடத்தில் செய்து பாருங்கள்.