புயல் சத்தத்தைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தானே புயலைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்களைப் பேசவைத்து 20 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். பார்த்த நண்பர்கள் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒட்டல" என்கிறார்கள். சோகமாக ஒரு ஆர்.ஆர். (பின்னணி இசை) போட்டு, புயல் சத்தத்தை இணையத்தில் எடுத்துச் சேர்த்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்த வயலினை ஓரமாக வையுங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் என்ன நடந்தது என்று ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போது அடியில் இசை அழுதால், பார்க்கிறவர் காது இசைக்குத்தான் போகும்.

'ஒட்டல' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுக்கு வெட்டு சத்தம் அறுந்துபோவதுதான். ஒரு ஷாட்டில் ஃபேன் இரைகிறது, அடுத்ததில் இல்லை. பேட்டி எடுத்த அதே வீட்டுக்குப் போய், அன்றைக்கு ஃபேன் ஓடியிருந்தால் இன்றைக்கும் ஓடவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். அதை வெட்டுகளுக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பினாலே பாதித் தலைவலி போய்விடும்.

அப்புறம், பாட்டி முகத்திலிருந்து முந்திரித் தோப்புக்குப் பொசுக்கென்று தாவாதீர்கள். அவர் பேசி முடிக்கும் முன்பே சருகு மிதிபடுவதும் காக்கை கத்துவதும் இரண்டு விநாடி முந்திக்கொண்டு கேட்கட்டும், தோப்பு அதற்குப் பிறகு தெரியட்டும். எடிட்டர்கள் இதை ஜே கட் என்பார்கள்.

புயல் சத்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கோ அடித்த காற்றைத் தானே புயல் என்று கேட்கவைப்பது ஆவணப்படத்தில் பொய் சாட்சி. ஊரில் யாராவது அன்றைக்கு செல்போனில் எடுத்திருப்பார்கள், தேடுங்கள், கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் பேட்டிகளையே இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்: காற்று எப்படி வந்தது என்று சொல்லும்போது பெரியவர்கள் வாயாலேயே "உய்ய்ய்"யென்று ஊதிக் காட்டுவார்கள், மரம் "மடமட"வென்று சாய்ந்ததைக் கையை ஓங்கிச் சொல்வார்கள். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை வெட்டியிருந்தால் திரும்ப ஒட்டுங்கள். இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் லைப்ரரி எஃபெக்ட் எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இன்னொன்று. புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லையே, அதைப் பற்றிப் பேசும் காட்சிகளில் மோட்டார், மிக்சி, டிவி எதுவும் கேட்க வேண்டாம். கரண்ட் வந்த கதையை ஒருவர் சொல்லும் இடத்தில் ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள்.

கேள்வி: காட்டு விலங்குப் படங்களில் கரடியின் காலடிகூட அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதே, மைக்கை எங்கே வைக்கிறார்கள்?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பல நேரம் எங்கேயும் வைப்பதில்லை! தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் போட்டு ரொம்ப தூரத்திலிருந்து எடுக்கிறார்கள், அந்த தூரத்துக் காலடியைப் பிடிக்கிற மைக் கிடையாது. எனவே படத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டூடியோவில் செய்து சேர்க்கிறார்கள், ஃபோலே என்று பெயர். பனியில் நடக்கும் 'நறுக் நறுக்' சத்தத்துக்கு ஒரு பையில் கார்ன்ஃபிளார் மாவைக் கட்டிப் பிசைவது இந்தத் தொழிலில் பழைய உத்தி. அடுத்த தடவை ஹெட்போன் போட்டுப் பாருங்கள், கரடி அத்தனை தூரத்தில் இருக்கும், காலடி மட்டும் உங்கள் காதருகே கேட்கும்.